ஹவொர்தியாவும் நம் ஊர் இரவுகளும்

மல்லி, கறிவேப்பிலை, முருங்கை என்று எதை ஊன்றினாலும் தழைக்க வைக்கும் கைகளில்கூட ஹவொர்தியா அழுகிப்போகிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் செடி அது. தண்டு வெளியே தெரியாது. தடித்த இலைகள் மண்ணை ஒட்டி வட்டமாக அடுக்கி நிற்கும். நர்சரிகள் 'சக்குலென்ட்' என்ற ஒரே பெயரில் விற்கும் கூட்டத்தில், 'இது சாகவே சாகாது சார்' என்ற உறுதிமொழியோடு கைமாறுவது பெரும்பாலும் இதுதான். தையில் வாங்கியது பங்குனிவரை நன்றாகவே இருக்கும். சித்திரை, வைகாசியில் அடியிலைகள் நீர் கோத்து நிறம் வெளுக்கும். ஒருநாள் தொட்டுப் பார்த்தால் வேரில்லாமல் கையோடு வந்துவிடும்.

செத்த செடிக்குக் காரணம் தேடிப் போனால் கிடைக்கும் அறிவுரைகள் ஒன்றோடொன்று சண்டையிடுகின்றன. வாரம் ஒருமுறை தண்ணீர் விடச் சொல்கிறது ஒரு நூல். மாதம் ஒருமுறை போதும் என்கிறது இன்னொன்று. கோடைதான் வளரும் பருவம், குளிர்காலத்தில் நீரை நிறுத்து என்பார் ஒருவர். கோடையில் அது உறங்கும், அப்போது நீர் விட்டால் போச்சு என்பார் அடுத்தவர். இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. ஈரமும் இருட்டுமான குளிர்காலத்தைக் கண்ணாடிக் கூரைக்குள் கழிக்கும் இங்கிலாந்துக்காரர், காய்ந்த காற்றில் வளர்க்கும் கலிபோர்னியாக்காரர், புழுக்கமான கோடையைக் கடத்த வேண்டிய ஜப்பானியர் என்று ஒவ்வொருவரும் தம் ஊரில் பலித்ததை எழுதினார்கள். நாம் அதையெல்லாம் ஒன்றாகக் கலந்து நம் மாடித் தொட்டியில் ஊற்றுகிறோம். தண்ணீர், மண், வெயில் மூன்றையும் பற்றி இவ்வளவு பேசியவர்கள் இரவைப் பற்றி அதிகம் பேசவில்லை. அவர்கள் ஊர்களில் இரவு ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. சென்னையிலும் மதுரையிலும் அதுதான் முதல் பிரச்சினை என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் செடியைத் தெரிந்துகொள்வோம். ஹவொர்தியா நம் சோற்றுக்கற்றாழையின் உறவு. இரண்டும் ஒரே குடும்பம். அதே அலமாரியில் விற்கப்படும் எச்செவெரியா பார்வைக்கு இதைப் போலவே இருந்தாலும் மெக்சிகோவைச் சேர்ந்தது, வேறு குடும்பம். ஐரோப்பிய மலைகளின் செம்பர்வைவம் எச்செவெரியாவின் குடும்பம். அதைக் கூரையில் வளர்த்தால் இடி விழாது என்று நம்பினார்கள். சுமார் 800ஆம் ஆண்டில் சார்லமேன் பேரரசின் பண்ணைகளுக்கு அனுப்பப்பட்ட ஆணையிலேயே தோட்டக்காரன் தன் வீட்டின் மேல் அதை வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. மூன்று கண்டங்களில் தனித்தனியே தோன்றிய செடிகள் ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. வடிவம் ஒன்று என்பதால் பராமரிப்பும் ஒன்று என்று நினைப்பதுதான் வாங்குபவர் செய்யும் முதல் தவறு. செம்பர்வைவத்தின் ஓர் அடுக்கு ஒருமுறை பூத்தால் மடிந்துவிடும். ஹவொர்தியா ஆண்டுதோறும் மெல்லிய நீண்ட காம்பில் சிறு வெள்ளைப் பூக்களைத் தாங்கிவிட்டு இருந்தபடியே இருக்கும்.

தென்னாப்பிரிக்காவின் கேப் முனையில் டச்சுக்காரர்கள் 1652இல் குடியேறியபின் இந்தச் செடிகள் ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போயின. லின்னேயஸ் 1753இல் இவற்றைக் கற்றாழையோடு சேர்த்தே எழுதினார். 1809இல் பிரான்சின் அலான்சோன் தோட்டத்துச் செடிகளைப் பட்டியலிட்ட துவால்தான் இவற்றைத் தனியே பிரித்தவர். சதைச்செடிகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் ஒருசேர ஆராய்ந்த ஆங்கிலேயர் ஏட்ரியன் ஹார்டி ஹவொர்த்தின் பெயரை அவற்றுக்கு வைத்தார். அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுகளாக எத்தனை இனங்கள் என்பதில் தகராறு. களத்தில் வெகுகாலம் அலைந்த தென்னாப்பிரிக்கர் புரூஸ் பேயர் சில பத்து இனங்களே உண்டு என்றார். ஜப்பானின் ஹயாஷி போன்றோர் ஒவ்வொரு குன்றின் செடிக்கும் ஒரு பெயர் வைத்து நூற்றுக்கணக்கில் பெருக்கினார்கள். என் சாய்வு பேயர் பக்கம். ஒரே குன்றில் நூறு செடிகளுக்கு நூறு முகம் இருக்கும் பேரினத்தில் முகத்தை வைத்துப் பெயர் கொடுத்தால் பெயருக்கு முடிவே கிடையாது.

இந்தப் பெயர்ச் சண்டையில் வளர்ப்பவருக்குப் பயன்படுவது ஒன்றுதான். பூக்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்ததால் ஒன்றெனக் கருதப்பட்ட இந்தக் கூட்டம், மரபணு ஆய்வில் மூன்று தனிக் கிளைகளாகப் பிரிந்தது. மென்மையான, நீர்ததும்பும் இலைகொண்டவை ஹவொர்தியாவாகவே நின்றன. விறைத்த இலையில் வெள்ளைப் புள்ளியும் வரியும் கொண்ட பலவற்றை 2013இல் கோர்டன் ரவுலி ஹவொர்தியாப்சிஸ் என்று பிரித்தார். உருவில் பெரியதும் முரடானதுமான சில டுலிஸ்டா என்ற பழைய பெயருக்குப் போயின. கடையில் மூன்றும் இன்னமும் ஹவொர்தியாதான்; இந்தக் கட்டுரையிலும் பொதுவாகப் பேசும்போது அப்படியே சொல்கிறேன். ஆனால் மென்னிலைக்காரிக்குத் தேவையானதும் வன்னிலைக்காரி தாங்குவதும் வேறு வேறு. 'சீப்ரா' என்று விற்கப்படும் வரிச்செடியே நல்ல உதாரணம். அதன் சீட்டில் ஃபேசியாட்டா என்று எழுதியிருக்கும். இலையின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால்தான் அது ஃபேசியாட்டா. அங்கேயும் சிறு வெள்ளைக் கொப்புளங்கள் தட்டுப்பட்டால் அது அட்டெனுவாட்டா. கடையில் நம் விரலுக்குத் தட்டுப்படுவது அநேகமாக இரண்டாவதுதான். அது நல்லதே, உண்மையான ஃபேசியாட்டா அமில மண்ணுக்குப் பழகியது, தொட்டியில் சிணுங்கும்.

இவற்றின் பிறந்த மண்ணைப் பாலைவனம் என்று சொல்லிவிடுவது வழக்கம். பாலைவனம் என்றால் உச்சிவெயில் என்று நாமே சேர்த்துக்கொள்கிறோம். ஹவொர்தியா வாழ்வது வறண்ட புதர்க்காடுகளில், புதரின் அடியில், பாறைப் பிளவில், காய்ந்த புல்லின் மறைவில். நேர்வெயிலில் நிற்கும் இனங்கள் தலையைத் தூக்குவதே இல்லை. அவற்றின் தடித்த வேர்கள் சுருங்கிச் சுருங்கி உடலை மண்ணுக்குள் இழுத்துவிடும். இலைநுனி மட்டும் தரைமட்டத்தில் தெரியும். அந்த நுனியில் பச்சையம் இராது. ஒளி அதன் வழியே ஊடுருவி உள்ளே போய், புதைந்திருக்கும் இலைச்சுவரின் பச்சையத்தை அடைகிறது. கூப்பெரி என்ற இனத்தின் கண்ணாடி மொட்டுகளும், வெட்டி வைத்ததுபோல் நுனி தட்டையான ட்ருங்காட்டாவும் இந்த ஏற்பாட்டின் உச்சம். (ட்ருங்காட்டா வட்டமாக அடுக்குவதில்லை, இரு வரிசையாக விசிறி நிற்கும், ஆனாலும் இந்தக் குடும்பக் கதையில் அதை விட்டுவிட முடியாது.) தொட்டியில் இந்த நுனியை அழகு என்று ரசிக்கிறோம். அங்கே அது வெயிலிலிருந்து உடலை மறைத்துக்கொண்டே ஒளியை மட்டும் வாங்கும் வழி.

மழையும் ஒரே மாதிரியில்லை. மேற்குக் கேப்பில் குளிர்கால மழை. தென்கடலோரம் ரிவர்ஸ்டேல் பக்கம் ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக. கிழக்கே போகப் போகக் கோடை மழை. ஆகவே ஹவொர்தியா குளிர்காலச் செடியா கோடைச் செடியா என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. பெரும்பாலான மென்னிலை இனங்கள் மிதமான பருவத்தில் வளர்ந்து, கடும் வெப்பத்திலும் கடும் குளிரிலும் நின்றுவிடுகின்றன என்பதே பொதுவாகச் சொல்லத் தகுந்தது. நாள்காட்டியில் எந்த மாதம் என்பதைவிட வெப்பம் எவ்வளவு என்பதையே அவை பார்க்கின்றன.

இனி இரவுக்கு வருவோம். அதன் கதை நம் பக்கத்தில்தான் தொடங்குகிறது. தரங்கம்பாடிக்கு மறைப்பணிக்காக வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகத் தென்னிந்தியாவில் பணியாற்றிய பெஞ்சமின் ஹைன், ரணகள்ளி இலையைப் பகலின் வெவ்வேறு வேளைகளில் மென்று பார்த்தார். காலையில் நல்ல புளிப்பு. நடுப்பகலில் சுவையே இல்லை. மாலையில் லேசான கசப்பு. இதை 1813இல் லண்டனுக்குக் கடிதமாக எழுதினார். 1815இல் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் அது அச்சாயிற்று. அந்தப் புளிப்பின் காரணம் முழுதாக விளங்க இருபதாம் நூற்றாண்டு ஆயிற்று. சாதாரணச் செடி பகலில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை வாங்கும். திறந்த துளை வழியே நீரும் ஆவியாகப் போகும். வறண்ட நிலத்துச் சதைச்செடிக்கு அந்த இழப்பு கட்டுப்படியாகாது. அது பகலில் துளையை மூடிக்கொள்கிறது. இரவில் திறந்து வாயுவை வாங்கி மாலிக் அமிலமாக இலைக்குள் சேர்த்து வைக்கிறது. விடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு, அந்த அமிலத்தை உடைத்து, கிடைக்கும் வாயுவைக் கொண்டு ஒளிச்சேர்க்கை செய்கிறது. ஹைன் நாக்கில் பட்ட காலைப் புளிப்பு அந்த இரவுச் சேமிப்புதான். ஹவொர்தியாவும் இதே கூட்டம்.

இந்த ஏற்பாடு ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது: இரவு பகலைவிட நன்றாகக் குளிர வேண்டும். குளிர்ந்த இரவில் துளை திறந்தால் நீரிழப்பு குறைவு, அமிலம் சேர்வது அதிகம். இரவு வெக்கையாக இருந்தால் துளை சரியாகத் திறப்பதில்லை. செடியின் சுவாசமோ சூட்டில் வேகமெடுத்துக் கையிருப்பைக் கரைக்கிறது. வரவு குறைந்து செலவு கூடினால் செடி செய்யக்கூடியது வளர்ச்சியை நிறுத்துவதுதான். ட்ருங்காட்டாவின் ஊரான ஊட்ஷோர்ன் வட்டாரத்தில் கோடைப் பகல் 35 டிகிரியைத் தாண்டினாலும் இரவு பொதுவாக 20க்குக் கீழே இறங்கிவிடும். சென்னையில் மே மாதத்துப் பகல் சராசரி 37, 38. இரவுச் சராசரி 27, 28. பகலில் இரண்டு ஊருக்கும் பெரிய வேறுபாடில்லை. வேறுபாடெல்லாம் இரவில்தான். மாடித் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டை இரவெல்லாம் கக்கும்போது அதன்மேல் இருக்கும் தொட்டியின் நிலைமை இன்னும் மோசம்.

இதை ஏற்றுக்கொண்டால் முன்பு முரண்பட்ட பல விஷயங்கள் தாமாக வரிசைக்கு வருகின்றன. 'கோடையில் உறக்கம்' என்று அனுபவசாலிகள் சொல்வது சூடான இரவின் விளைவு. உதகையிலும் கொடைக்கானலிலும் வீட்டு வாசல்களில் எச்செவெரியா தட்டுத்தட்டாக விரிந்து கிடக்க, அதே செடி சமவெளிக்கு வந்து ஒரே கோடையில் சுருண்டுவிடுவதும் அதனால்தான். மெக்சிகோவின் மேட்டுநிலத்தில் பிறந்தது அது. கலிம்பொங்கிலும் பெங்களூரிலும் நர்சரிகள் செழித்ததற்கும், அங்கிருந்து வந்த செடி நம்மிடம் முதல் சில மாதம் ஏமாற்றிவிட்டு ஏப்ரலில் குணம் மாறுவதற்கும் வேறு காரணம் தேட வேண்டாம்.

உறங்கும் ஹவொர்தியா பழைய வேர்களில் பலவற்றைக் கழித்துவிடும். பருவம் மாறியதும் அடியிலிருந்து புதுவேர் விடும். இது நோயல்ல, அதன் இயல்பு. நம் வழக்கம் இதற்கு நேர்மாறு. வெயில் ஏறுகிறது, இலை உள்நோக்கிச் சுருங்குகிறது, ஐயோ பாவம் தாகம் என்று இன்னொரு குவளை ஊற்றுகிறோம். உறிஞ்ச வேரில்லை, நீர் மண்ணில் நிற்கிறது, சூடான ஈரமண்ணில் பூஞ்சை பெருகுகிறது, கழிந்த வேரின் காயம் வழியே அடித்தண்டுக்குள் ஏறுகிறது. தண்ணீர் பாய்ச்சியதால் செத்தது என்பது பாதி உண்மை. உறங்கும்போது பாய்ச்சியதால் செத்தது என்பதே முழு உண்மை. கார்த்திகையில் அதே குவளை நீரை அதே செடி குடித்துவிட்டு அடுத்ததுக்குக் காத்திருக்கும்.

எனவே 'எத்தனை நாளுக்கு ஒருமுறை' என்ற கேள்வியையே கைவிட வேண்டும் என்பது என் கருத்து. ஐப்பசி மாதம் இரவு குளிரத் தொடங்குவதிலிருந்து மாசிவரை, மண் அடிவரை காய்ந்ததும் தொட்டியின் துளை வழியே ஒழுகும் அளவு தாராளமாக ஊற்றலாம். ஒரு கரண்டி ஊற்றுவது மேல்மண்ணை மட்டும் நனைத்து வேரை மேலே இழுக்கும். தெளிப்பான் வைத்து இலைமேல் பனி தூவுவது படம் எடுக்க உதவும், செடிக்கு அல்ல. காய்ந்ததா என்று அறிய ஒரு மூங்கில் குச்சியை அடிவரை செருகி எடுத்துப் பார்த்தால் போதும். கை பழகிய பிறகு தொட்டியைத் தூக்கும் கனமே சொல்லிவிடும். பங்குனி முதல் ஆடிவரை இடைவெளியை நீட்டி, அளவைக் குறைத்து, வேர் முழுதும் பொசுங்கிவிடாத அளவுக்கு மாலையில் கொஞ்சம். பகலில் ஊற்றினால் தொட்டிக்குள் வெந்நீர். வடகிழக்குப் பருவமழையில் செடியைத் திறந்தவெளியில் விடக்கூடாது. சென்னையில் ஆண்டுக்குப் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டரில் பெரும்பகுதி சில வாரங்களில் கொட்டுகிறது. ஊட்ஷோர்ன் இருக்கும் சிறு கரூ வட்டாரத்தில் பல இடங்களில் ஆண்டு மொத்தமே 300 மில்லிமீட்டரைத் தாண்டாது.

ஆனால் அந்த மழைநீரைப் பிடித்து வைப்பது நல்லது. நம் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவம் ஏறுவது அதன் அடையாளம். இலைநுனி காய்வதற்குப் பல வீடுகளில் காரணம் வெயிலல்ல, இந்த உப்புதான்.

மண் விஷயத்தில் இரண்டு கட்சிகள். மட்கும் மண்ணும் கலந்த கலவை ஒரு கட்சி; முழுக்கவும் கல் என்பது மறுகட்சி. கொரிய, ஜப்பானிய வளர்ப்பாளர்கள் எரிமலைக் கல்லிலேயே அற்புதமான செடிகளை எடுக்கிறார்கள், உண்மைதான். அவர்கள் நாள்தோறும் செடியைப் பார்ப்பவர்கள். உரமும் அளந்து விடுகிறார்கள். வேலைக்குப் போய்வந்து ஞாயிற்றுக்கிழமை தொட்டியைப் பார்க்கும் நமக்கு நடுவழிதான் பொருந்தும்: மூன்றில் இரண்டு பங்கு கல், ஒரு பங்கு நன்கு மட்கிய இலைமட்கு. கல்லின் அளவு மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர். எந்தக் கல் என்பதைவிட அந்த அளவும், தூசி இல்லாமல் சலித்தெடுப்பதும் முக்கியம். பியூமிஸும் பெர்லைட்டும் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் உடைத்த செங்கல் சில்லும் மரக்கரித் துண்டும் அந்த வேலையைச் செய்யும். பழைய சுட்ட செங்கல் நீரைக் கொஞ்சம் பிடித்துவைத்து மெல்ல விடும். இறக்குமதிக் கல்லுக்குக் கொடுக்கும் விலையை நினைத்தால் அதை இவ்வளவு இளக்காரமாகப் பார்க்க வேண்டியதில்லை. எம்-சாண்ட் அப்படியே போட்டால் சிமெண்டாக இறுகும். ஆற்றுமணல் இன்று இருக்கும் நிலையில் அதைத் தொட்டிக்குப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

தென்னை நார்க்கழிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் மலைமலையாகக் குவியும் அந்தக் கழிவு நர்சரித் தொழிலுக்குக் கிடைத்த வரம். விதை முளைக்க வைக்கவும் காய்கறி நாற்றுக்கும் அதைவிட மலிவான நல்ல பொருள் இல்லை. ஆனால் தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொள்வதே அதன் பெருமை. ஹவொர்தியாவுக்கு வேண்டாத பெருமையும் அதுதான். முழுக்கக் காய்ந்துவிட்டால் மறுபடி நனைய மறுத்து நீரை ஓரமாக வழியவிடும். சரியாகக் கழுவாத சரக்கில் உப்பும் இருக்கும். நர்சரியில் நிழல்வலைக்குக் கீழே, காற்றோட்டத்தில், தேர்ந்த கையால் நீர் பாய்ச்சப்பட்டு அதில் செழித்த செடி, நம் வீட்டு மூலையில் அதே நார்க்கட்டியோடு அழுகுகிறது. வாங்கிவந்த முதல் வேலை வேரைச் சுற்றிய அந்தக் கட்டியை உதிர்த்துவிடுவது. காயம் ஆற இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து, காய்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்து முதல் நீர். தொட்டி மண்தொட்டியாக இருக்கட்டும். பக்கச்சுவர் வழியே ஈரம் ஆவியாகும்போது வேர்ப்பகுதி சற்றுக் குளிரும். பானை நீரில் நாம் அறிந்த அதே உபாயம், இரவுச் சூட்டுக்கு நம்மிடம் இருக்கும் மலிவான பதில். வேர்கள் பருமனாகக் கீழ்நோக்கிப் போவதால் அகலத்தைவிட ஆழம் வேண்டும். ஓட்டையில்லாத பீங்கான் கிண்ணத்தில் வெள்ளைக் கூழாங்கல் ஒட்டி விற்பது அன்பளிப்புக் கடைக்காரரின் அழகியல். அதில் செடிக்குப் பங்கில்லை.

ஒளிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிழக்குப் பார்த்த பால்கனியில் இரண்டு மூன்று மணிநேர இளவெயில், பிறகு வெளிச்சமான நிழல். மேற்கு வெயில் ஆகாது. மொட்டைமாடி என்றால் 50 சதவீத நிழல்வலை. இலை லேசாகச் செம்பு நிறமானால் அது வெயிலுக்குச் செடி போடும் திரை, கவலையில்லை; வெளுத்த தழும்பு விழுந்தால் அது ஆறாது. அடுக்கு தளர்ந்து இலைகள் நீண்டு மேல்நோக்கி ஓடினால் ஒளி போதவில்லை. குளிரூட்டிய படுக்கையறையில் இரவு வைத்துக் காலையில் பால்கனிக்கு எடுத்துவருபவர்கள் உண்டு. தாவர உடலியல் அவர்கள் பக்கம்தான். முழங்கால் யார் பக்கம் என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

உரமும் குறைவாகவே: வளரும் பருவத்தில் பொட்டலத்தில் சொன்னதில் கால் பங்கு, மாதம் ஒருமுறை. அரிசி கழுநீர், டீத்தூள், புளித்த மோர் என்று வீட்டில் மிஞ்சியதையெல்லாம் தொட்டிக்குக் காட்டும் பழக்கம் கறிவேப்பிலையோடு நிற்கட்டும். பூச்சியில் முக்கிய எதிரி மாவுப்பூச்சி. எறும்பு ஏறினால் பின்னாலேயே மாவுப்பூச்சி இருக்கிறது என்று பொருள். அதன் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதை மேய்க்கிறது. சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சுக்குச்சியால் இலையிடுக்கில் ஒற்றியெடுத்தால் போய்விடும். வேரில் ஒளியும் மாவுப்பூச்சிதான் தந்திரக்காரி. காரணமில்லாமல் செடி தேங்கி நின்றால் பெயர்த்துப் பாருங்கள். வேரில் வெள்ளைப் பொடி அப்பியிருந்தால் மண்ணைக் கொட்டிவிட்டு வேரைக் கழுவிப் புதிதாக நட வேண்டும்.

பெருக்குவதில் இந்தச் செடி தாராளம். அடியில் பக்கக் கன்றுகள் வரும். சொந்த வேர் விட்டபின் பிரிக்கலாம். மென்னிலை இனங்களில் இலையை அடித்தசையோடு முழுதாகப் பிய்த்துக் காயவைத்து மண்மேல் கிடத்தினால் சில மாதங்களில் குட்டி எழும். வன்னிலைக்காரிகளில் இது அவ்வளவு எளிதல்ல. ட்ருங்காட்டாவின் பருத்த வேரைத் துண்டித்து மண்ணுக்கு மேல் நுனி தெரிய நட்டால் அதிலிருந்தே செடி வரும். விதை வேண்டுமானால் இரண்டு வேறு வேறு செடிகள் ஒரே சமயம் பூக்க வேண்டும்; பெரும்பாலான இனங்கள் தம் மகரந்தத்தை ஏற்பதில்லை. பூவின் குறுகிய குழலுக்குள் நுண்ணிய இழையை விட்டு மகரந்தம் கடத்த ஜப்பானில் தனிப் பொறுமையே வளர்த்தார்கள். மௌகானி என்ற இனத்திலும் ட்ருங்காட்டாவிலும் ஒளிபுகும் நுனியின் கோடுகளின் அழகுக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்த வகைகள் அங்கே நகைக்கு நிகரான விலைக்குப் போயின. பிறகு திசு வளர்ப்புக் கூடங்கள் அந்த வகைகளைப் படியெடுத்துத் தள்ளின, விலை சரிந்தது. சேகரிப்பாளர்கள் புலம்பினார்கள். நான் புலம்பமாட்டேன். ஆய்வுக்கூடக் குழாயில் பிறந்த மலிவான செடி, குன்றிலிருந்து பெயர்த்து வந்த செடிக்கான தேவையைக் கொஞ்சமாவது குறைக்கிறது.

சரி, எந்த ஊரில் எது? என் வாதம் சரியென்றால் இனத்தைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் அதன் சொந்த ஊரின் இரவும் மழைப்பருவமும். ஓசூர், மேற்குத் தொடர்ச்சி மலையடி ஊர்கள், உயரம் கூடிய இடங்களில் கூப்பெரி, சிம்பிஃபார்மிஸ், ரெட்டூசா எல்லாம் அதிகம் தொல்லை தரமாட்டா. கடலோரச் சமவெளிக்கு முதலில் வரவேண்டியது ஹவொர்தியாப்சிஸ் லிமிஃபோலியா. குவாசுலு-நாட்டாலிலும் எஸ்வாட்டினியிலும் வெதுவெதுப்பான, கோடைமழை பெய்யும் கீழ்நிலங்களில் வாழ்வது அது. இலையில் குறுக்கே அரம்போல் வரிகள். நம் புழுக்கம் அதற்கு அந்நியமல்ல. அடுத்து அட்டெனுவாட்டா, கோவார்க்டாட்டா. மௌகானியைச் சமவெளிக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். வளர்த்துக் காட்டியவர்கள் இருப்பார்கள், ஆனால் அது செடியோடு நடத்தும் மல்லுக்கட்டு.

லிமிஃபோலியாவை சுலு மக்கள் உமதிதிபாலா என்பார்கள். மருந்துக்கு எடுப்பார்கள், வீட்டைத் தீயசக்தி அண்டாதிருக்க வளர்ப்பார்கள். திருஷ்டிக்காகக் கற்றாழையைத் தலைகீழாக வாசலில் கட்டும் வழக்கமுள்ள நமக்கு இது புதிதாகத் தோன்றாது. மண்ணும் நீரும் இல்லாமல் அந்தக் கற்றாழை மாதக்கணக்கில் உயிரோடிருப்பதும், சில சமயம் பூத்தே விடுவதும், இலைச்சேமிப்பு என்றால் என்ன என்பதற்குத் தெருவிலேயே இருக்கும் நிரூபணம். மருந்துச் சந்தைக்காகத் தொடர்ந்து பெயர்த்ததில் லிமிஃபோலியா தன் சொந்த ஊரின் பல இடங்களில் அருகிவிட்டது, நர்சரிகளிலோ ஏராளம்.

அழகுக்காகத் திருடப்படுவது இன்னொரு பெருங்கதை. கலிபோர்னியக் கடற்பாறைகளின் டட்லியா என்ற சதைச்செடி, கிழக்காசியச் சந்தைக்காக மூட்டை மூட்டையாகப் பெயர்க்கப்பட்டது 2017, 2018இல் வெளிச்சத்துக்கு வந்தது. 2021இல் அதற்கென்றே அந்த மாநிலம் தனிச்சட்டம் இயற்றியது. தென்னாப்பிரிக்காவில் 2019க்குப் பின் கோனோஃபைட்டம் போன்ற குட்டிச்செடிகள் லட்சக்கணக்கில் பிடிபட்டன. ஹவொர்தியாவிலும் அபூர்வ இனங்கள் சில ஒரே குன்றில், ஒரே சரிவில் மட்டும் வாழ்பவை. ஒரு இரவில் வரும் ஒரு வண்டி போதும். இந்த வணிகத்தின் கடைசிக் கண்ணி இணையத்தில் பொட்டலம் வரவழைப்பவர். அயல்நாட்டிலிருந்து செடி தருவிக்க, 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். 'பொம்மை' என்று சீட்டு ஒட்டி வரும் பொட்டலத்தில் இரண்டும் இருக்காது. வேர் மாவுப்பூச்சி மட்டும் இருக்கக்கூடும்.

கையில் வந்த செடி எங்கே பிறந்தது என்பதை ஓரளவு பார்த்தே சொல்லலாம். நர்சரியில் வளர்ந்ததற்கு இலைகள் ஒரே அளவாக, வடுவில்லாமல், அடுக்கு சீராக இருக்கும். வேர் இளமையாக வெளுத்திருக்கும். குன்றில் வளர்ந்ததற்கு அடியிலைகள் கருகி உலர்ந்து ஒட்டியிருக்கும், புதைந்திருந்த பாகம் வெளிறி வெளியே தெரிந்த பாகம் கருத்து இரு நிறமாகத் தோன்றும், பூச்சி கடித்த பழைய தழும்புகள் இருக்கும், பல ஆண்டுத் தடித்த வேர்கள் பாதியில் வெட்டுண்டிருக்கும். விற்பவர் அதை 'இம்போர்ட்டட், ரேர்' என்பார். விலையும் அதற்கேற்ப இருக்கும்.